கிணத்தண்ணன் மேலே வராத காட்சி

கிணத்தண்ணனை நிஜ மனிதர்களை வைத்துப் படமாக எடுத்துவிட்டார்கள், தமிழ் வசனத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள் என்று கம்பெனிக்காரர் போனில் கேட்டபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். நன்றாக இருக்கிற ஒன்றை எதற்கு நோண்டுகிறார்கள்? ஆனால் நான் மாட்டேன் என்றால் வேறு யாராவது எழுதிவிடுவார்களே என்ற பயம் கோபத்தை முந்திக்கொண்டது. "எழுதறேன்" என்று அவர் மூச்சு விடுவதற்குள் சொல்லிவிட்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிணத்தண்ணன் என்பது ஜப்பான்காரர்கள் வரைந்த பழைய கார்ட்டூன் தொடர். மழை பெய்வதையே மறந்துபோன ஒரு நாடு. அதில் ஒரு பையனும், கிணறு தோண்டுகிற ஓட்டை உடைசல் இயந்திரம் ஒன்றும் ஊர் ஊராக நடப்பார்கள். போகிற இடத்திலெல்லாம் தோண்டுவார்கள். இயந்திரத்துக்கு அவர்கள் மொழியில் எழுத்தும் எண்ணுமாக ஏதோ ஒரு பெயர் இருந்தது, வாயில் நுழையவில்லை. கிணத்தண்ணன் என்று பெயர் வைத்தவள் நான். அப்போது டப்பிங் வசனம் எழுத வந்த புதிது, கை துறுதுறுவென்று இருந்தது.

பையனுக்குக் குரல் கொடுத்தவள் என் தங்கை. வீட்டில் அவளைச் சின்னவள் என்போம். பையன் வேஷத்துக்குப் பெண்கள் பேசுவதுதான் இந்தத் தொழிலில் வழக்கம். நிஜப் பையனைக் கூட்டிவந்தால் தொடர் முடிவதற்குள் அவனுக்குக் குரல் உடைந்து, பையன் திடீரென்று மாமா மாதிரி பேசுவான். சின்னவள் மைக் முன்னால் குதிகாலை உயர்த்தி நிற்பாள். அப்படி நின்றால் பன்னிரண்டு வயதாகிவிடுவாள்.

கடைசிப் பகுதியில் கிணத்தண்ணன் பாறைக்கு அடியில் போய்த் தோண்டும். தண்ணீர் பீறிட்டு மேலே வரும். கிணத்தண்ணன் வராது. பையன் கிணற்று விளிம்பில் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். ஜப்பான்காரர்கள் அந்த இடத்தில் ஒரு வார்த்தையும் வைக்கவில்லை. காற்று மட்டும்தான். ஆனால் எங்கள் ஸ்டூடியோ முதலாளிக்கு மௌனம் என்றால் ஆகாது. "இவ்ளோ நேரம் சத்தம் இல்லாம விட்டா டிவி கெட்டுப்போச்சுன்னு மண்டையில தட்டுவாங்கம்மா. ஏதாவது பேச வைங்க" என்றார். வாய்தான் தெரியவில்லையே, என்ன வேண்டுமானாலும் எழுதலாம். எழுதினேன். "நீ மேல வர்ற வரைக்கும் நான் இங்கதான் நிக்கிறேன், அண்ணே." சின்னவள் ஒரே தடவையில் பேசிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த ஒரு வரி எங்கள் இருவரையும்விடப் பெரிய ஆளாகிவிட்டது. பூங்காவில் சறுக்குமரத்தின் கீழே நிற்கிற அப்பாக்கள் சொன்னார்கள். லிப்டில் மாட்டிக்கொண்டவனுக்கு வெளியே நிற்கிறவர்கள் சொன்னார்கள். ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களுக்காகக் காத்திருந்தவர்களும் சொன்னார்களாம். சட்டையில் அச்சடித்து விற்றார்கள். ஜப்பான்காரர்கள் எவ்வளவு ஆழமாக எழுதியிருக்கிறார்கள் பாருங்கள் என்று ஒரு பேராசிரியர் என்னிடமே விளக்கினார். ஆமாம் சார் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அப்படி ஒரு பெருமையை யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பதில் ஒரு தனிச் சுகம் இருக்கத்தான் செய்கிறது.

அதனால் கம்பெனிக்காரர், "அந்த டயலாக் கண்டிப்பா வேணும் மேடம், அதே குரல்ல வேணும்" என்றதும் நான் உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். படத்தில் பையனுக்குப் பேச ஒரு புதுப்பெண்ணை ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்த ஒரு வரியை மட்டும் பையன் மனதுக்குள் சொல்வதுபோல் வைத்துக்கொள்ளலாம், அதைச் சின்னவள் வந்து பேசட்டும் என்று முடிவானது.

சின்னவள் இந்தத் தொழிலை விட்டு வெகுகாலம் ஆகிறது. இப்போது ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை உட்காரவைத்து, மூக்குக்கும் காதுக்கும் தோதாகக் கம்பியை வளைத்துப் பொருத்திக் கொடுப்பாள். சேதியைச் சொன்ன அன்றே கடையில் டமாரம் அடித்துவிட்டாள். எழுத்துப் பலகையைப் படிக்க வந்தவர்கள், பிரேமை இறுக்க வந்தவர்கள், வழி கேட்க எட்டிப் பார்த்தவர்கள் என்று ஒருவரையும் அவள் விடவில்லை. மைக் முன்னால் நிற்பவளை யார் பார்க்கப்போகிறார்கள், அதற்கும் ஒரு புதுச் சேலை எடுத்துக்கொண்டாள்.

மகளிடம் மட்டும் தயங்கித் தயங்கித்தான் சொல்லியிருக்கிறாள். மகளுக்குப் பதினைந்து வயது. தொடரைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "நடந்துகிட்டே இருக்காங்களே, எப்ப ஏதாவது நடக்கும்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனவள்.

"தியேட்டர்ல, அத்தன பேர் நடுவுல, என் குரல அவ ஒரு தடவ கேக்கணும்க்கா. அது போதும் எனக்கு" என்றாள் சின்னவள்.

"கேக்காம எங்க போவா, அவளே பெருமையா சொல்லிக்கிட்டுத் திரியப்போறா பாரு" என்றேன்.

படம் என் கணினிக்கு வந்தது. குறை கண்டுபிடிக்கவே உட்கார்ந்தேன், குறைக்குப் பஞ்சமும் இல்லை. தொடரில் கிணத்தண்ணனின் இடது முழங்கால் கிரீச்சிடும். அது எரிச்சலாக இருந்தால் ஒரு மாதிரி, பயந்தால் வேறு மாதிரி கிரீச்சிடும். படத்தில் வருகிற இயந்திரம் கடையில் நேற்று வாங்கியதுபோல் பளபளவென்று இருக்கிறது. தொடரில் ஒரு பகுதி முழுக்க நடப்பார்கள், நிழல் நீளும், அவ்வளவுதான். படத்தில் நடக்கிறவனே இல்லை, எல்லாரும் ஓடுகிறார்கள், பின்னால் ஏதாவது வெடிக்கிறது. தண்ணீர் விற்கிற கிழவியைக் காணவே காணோம். அவள் இல்லாமல் என்ன கிணத்தண்ணன் என்று திட்டிக்கொண்டே எழுதினேன்.

எழுதுவதும் பழைய மாதிரி இல்லை. வரைந்த முகத்துக்கு மொத்தமே மூன்று வாய்தான்: மூடியது, பாதி திறந்தது, முழுக்கத் திறந்தது. அதில் எந்தச் சொல்லையும் ஊற்றலாம், கொள்ளும். நிஜ முகம் அப்படி விடாது. அவன் உதடு ஒட்டுகிற இடத்தில் நம் சொல்லிலும் உதடு ஒட்ட வேண்டும். ஒரு நல்ல வாக்கியத்தை எழுதிவிட்டு, அவன் வாய் மூடுகிற இடத்தில் "ம" வரவில்லையே என்று அதை உடைத்துப்போட வேண்டியிருக்கும். தலைவலி.

ஆனால் அந்தப் பையனைச் சும்மா சொல்லக்கூடாது. முன்பல் ஒன்று உடைந்த பையன். வரைந்த பையனுக்குத் தாகம் எடுத்தால் "தாகமா இருக்கு அண்ணே" என்று நாங்கள் சொல்லவைத்தோம். இவனுக்கு உதடு வெடித்திருந்தது. பார்த்துக்கொண்டிருந்த நானே எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

கடைசிக் காட்சியில் முதுகைக் காட்டவில்லை. முகம். திரை முழுக்க அவன் முகம். வாய் மூடியிருக்கிறது. அழக்கூடாது என்று வைராக்கியமாக நிற்கிறான், நெஞ்சு மட்டும் ஏறி இறங்குகிறது. அவ்வளவு நேரம் திட்டிக்கொண்டிருந்த நான் வாயை மூடிக்கொண்டேன். அதன்மேல் என் வரியை ஓடவிட்டு மனதுக்குள் கேட்டுப் பார்த்தேன். நன்றாகத் தூங்குகிறவனை எழுப்பி, நன்றாகத் தூங்குகிறாயா என்று கேட்பதுபோல் இருந்தது. இங்கே வரி வேண்டாம். அது எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

தெரிந்து என்ன செய்ய? புதுச் சேலை எடுத்துவிட்டாளே. வரியை எழுதி அனுப்பினேன்.

ஒலிப்பதிவுக்கு மத்தியானம் வந்தாள். வளையலையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி என் கையில் கொடுத்தாள், மைக் இருக்கிற அறைக்குள் அது கிலுங்கக் கூடாது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நானும், கருவிகளுக்கு முன்னால் சவுண்டுத் தம்பியும், சோபாவில் கம்பெனிக்காரரும் இருந்தோம். உள்ளே சின்னவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, குதிகாலை உயர்த்தினாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

பேசினாள். அதே குரல். ஒரு நாள்கூட வயதாகாத குரல். கம்பெனிக்காரர் சோபாவிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். "மேடம், புல்லரிக்குது" என்று கையை நீட்டிக் காட்டினார்.

"படத்தோட சேத்துப் போடுங்க தம்பி, பாக்கறேன்" என்றாள் சின்னவள்.

போட்டான். பார்த்தாள். "இப்ப என் குரல் இல்லாம, அவங்க ஒரிஜினல் சத்தத்தோட போடுங்க" என்றாள். அதையும் பார்த்தாள். பிறகு ஹெட்போனைக் கழற்றினாள்.

"அக்கா, இது வேண்டாம்க்கா."

"ஏன்? நல்லாத்தானே பேசியிருக்க."

"நான் நல்லாத்தான் பேசியிருக்கேன். அவன் பேசலையே." திரையில் நின்றுபோயிருந்த முகத்தை அவள் காட்டினாள். "கார்ட்டூன்ல முதுகத்தானே காட்டுனாங்க. உள்ள என்ன ஓடுதுன்னு யாராவது ஒருத்தர் சொல்லவேண்டியிருந்துச்சு. இவன் மொகத்துலயே சொல்லிட்டிருக்கான். நான் குறுக்கப் பூந்து பேசுறேன்."

நான் எழுதி அனுப்பிய வரி, நானே வேண்டாம் என்று நினைத்த வரி. அவள் சொன்னதும் நான் மகிழ்ந்திருக்க வேண்டும். எனக்கோ சுள்ளென்று ஏறிவிட்டது.

"ஒனக்கென்ன பைத்தியமா? கடையில ஊரக் கூட்டிச் சொல்லி வச்சிருக்க. ஒம் பொண்ணுகிட்ட என்ன சொல்லப்போற?"

"தெரியலக்கா."

"தெரியலன்னா பேசாம இரு. இது வேண்டாம்னு எனக்கு அன்னைக்கே தெரியும். ஒனக்காகத்தான் நானே வாயத் தொறக்கல."

சொல்லியிருக்கக் கூடாது. அவள் கண்ணாடித் தடுப்பை ஒட்டி வந்து நின்றாள். "எம்மேல பாவப்பட்டியா? பாவப்பட்டு ஒரு நல்ல காட்சியக் கெடுக்கப் பாத்தியா? நீ எழுதுனா எழுதுனது நிக்கணும்னு ஒத்தச் சொல்லுக்கு ஒரு நாள் பூரா மல்லுக்கட்டுறவ. நீயாக்கா?"

அடுத்தவர்களுக்கு வசனம் எழுதிப் பிழைக்கிறவள், கையிலிருந்த அவள் வளையலை உருட்டிக்கொண்டிருந்தேன்.

கம்பெனிக்காரருக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. "என்ன மேடம் வெளையாடுறீங்களா? ரசிகருங்க இந்த ஒரு வரிக்காகத்தான் வர்றாங்க. இல்லன்னா கல்லால அடிப்பாங்க" என்றார்.

வந்த கோபத்தை யார்மேலாவது இறக்க வேண்டுமே, அவர்மேல் இறக்கினேன். "போஸ்டர்ல போடுங்க. கொட்டை எழுத்துல போடுங்க. சட்டை, தொப்பி, தண்ணி பாட்டிலு எல்லாத்துலயும் போட்டுக்கோங்க, நான் தடுக்கல. இந்த எடத்துல மட்டும் வேண்டாம். நீங்களே ஒரு தடவ ஒரிஜினல் சத்தத்தோட, வசனம் இல்லாமப் பாருங்க. பாத்துட்டும் வேணும்னு தோணுச்சுன்னா வச்சுக்கோங்க."

பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொல்லியும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "என்னமோ செய்ங்க, ஆனா போஸ்டர்ல பெருசா வரணும்" என்றார். நல்ல மனுஷன், நான்தான் சத்தம் போட்டுவிட்டேன்.

எல்லாம் முடிந்தது என்று நான் பையை எடுத்தபோது சவுண்டுத் தம்பி திரும்பினான். "அக்கா, ஒரு சிக்கல் இருக்கு. அந்த எடத்துல மூச்சு இல்ல."

எனக்குச் சட்டென்று உறைத்தது. மொழி மாற்றும்போது வெளிநாட்டிலிருந்து காற்றும் தண்ணீரும் இசையும் தனியாக வரும். மனிதர் வாயிலிருந்து வருகிற எதுவும் வராது. பேச்சு மட்டும் இல்லை. இருமல், விக்கல், பெருமூச்சு எல்லாவற்றையும் நாம் இங்கே புதிதாகக் கொடுக்க வேண்டும். இந்த இடத்தை வரி வந்து மூடிவிடும் என்று நம்பி, புதுப்பெண்ணிடம் மூச்சை எடுக்காமலே விட்டுவிட்டோம். அவள் பரீட்சை எழுத ஊருக்குப் போய்விட்டாள்.

அதுவரை நாங்கள் பார்த்தது அவர்கள் மூச்சோடு வந்த மூலப் படம். தம்பி இப்போது நம் ஒலியை மட்டும் வைத்து ஓட்டிக் காட்டினான். காற்று வீசுகிறது, தண்ணீர் பொங்குகிறது, பையனின் நெஞ்சு ஏறி இறங்குகிறது, அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. தொட்டிக்குள் இருக்கிற மீனைப் பார்ப்பதுபோல் இருந்தது. என் வாயை மூடவைத்த காட்சி அப்படியே செத்துக் கிடந்தது.

"நான் விடட்டுமா?" என்று கேட்டாள் சின்னவள்.

அவள் மறுபடியும் ஹெட்போனை மாட்டினாள். இந்தத் தடவை குதிகாலை உயர்த்தவில்லை. உள்ளங்கால் முழுக்கத் தரையில் பதிய நின்றாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பையனின் நெஞ்சு ஏறியபோது அவளும் இழுத்தாள், இழுத்த மூச்சு நடுவில் தடுக்கி நின்றது, நின்றதை விடாமல் பிடித்துவைத்தாள். விடுகிறாள், விடுகிறாள் என்று நான் காத்திருந்தேன். விடவில்லை. கடைசியில் மூக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் விட்டாள். விளக்கு அணைந்தது. தம்பி "ஓகே" சொல்ல மறந்து உட்கார்ந்திருந்தான்.

வளையலை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவள், "வீட்டுல சொல்லிடாதக்கா, அவரு இனிப்பெல்லாம் வாங்கி வச்சிருக்காரு. எப்படிச் சொல்றதுன்னு நானே பாத்துக்கறேன்" என்றாள். முகம் தெளிவாகத்தான் இருந்தது. இருந்தாலும் படிக்கட்டில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள்.

கடைசிவரை அவள் சொல்லவே இல்லை. முதல் நாள் பகல் காட்சிக்கு நாங்கள் போனோம்: சின்னவள், அவள் வீட்டுக்காரர், மகள், நான். வாசலில் ஆள் உயரத்துக்கு என் வரி கொட்டை எழுத்தில் நின்றது. மாப்பிள்ளை அதன் முன்னால் மனைவியை நிறுத்திப் போட்டோ எடுத்தார். சின்னவள் சிரித்தாள், நான் போஸ்டரைப் படிப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். மகள் போனிலிருந்து தலையைத் தூக்கி, "பெரியம்மா, அம்மாவோடது எப்ப வரும்? அதுக்கு முன்னாடி சொல்லுங்க" என்றாள்.

"கடைசியில" என்றேன். வேறென்ன சொல்ல?

படம் ஓடியது. ஓடினார்கள், வெடித்தது. மாப்பிள்ளை சோளப்பொரியை நொறுக்கிக்கொண்டே, "கெழவியக் காணோமே" என்று சரியான இடத்தில் கேட்டார், எனக்கு அவர்மேல் பாசம் பொங்கியது. மகளின் போன் எப்போது பைக்குள் போனது என்று நான் கவனிக்கவில்லை. கிணத்தண்ணன் பாறைக்கு அடியில் இறங்கியபோது அவள் இருக்கையின் நுனிக்கு வந்திருந்தாள்.

தண்ணீர் பீறிட்டது. பையனின் முகம் திரை முழுக்க வந்தது. மாப்பிள்ளை மெல்லுவதை நிறுத்திவிட்டு மனைவி பக்கம் சாய்ந்தார். பின்வரிசையில் யாரோ, "நீ மேல" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவ்வளவு பெரிய அரங்கத்தில் காற்றும் தண்ணீரும் மட்டும் கேட்டன. அப்புறம் அந்த மூச்சு வந்தது. நாலு பக்கத்துச் சுவரிலிருந்தும் வந்தது. இழுத்தது, தடுக்கியது, நின்றது.

காட்சி மாறியது. மாப்பிள்ளை, "எங்க, ஒன் டயலாக்கக் காணோம்?" என்று கிசுகிசுத்தார். சின்னவள் வாயைத் திறந்தாள், என்ன சொல்ல நினைத்தாளோ.

"அம்மா," என்றாள் மகள். "இப்ப மூச்சு விட்டது நீதானே?"

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். "எப்படிடி தெரியும்?"

"அப்பா ஆஸ்பத்திரியில இருந்தாருல்ல, அந்த மாசம் பூரா என் பக்கத்துலதானே படுத்த. நான் தூங்கிட்டேன்னு நெனச்சுக்கிட்டு இப்படித்தானே மூச்சு விடுவ. தூங்கலம்மா நானு."

அந்த மாதம் முழுக்க நான் தினமும் போன் பேசியவள். "நல்லாருக்கேன்க்கா, ஒண்ணும் இல்லக்கா" என்று அவள் சொன்ன குரலில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. குரலையே கேட்டுப் பிழைக்கிறவள் நான். மாப்பிள்ளை சோளப்பொரிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"வசனம் பேசியிருந்தா நடிப்புன்னு விட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டு மகள் அம்மாவின் கைக்குள் தன் கையைக் கொடுத்துக்கொண்டாள்.

"படத்தப் பாரு" என்றாள் சின்னவள். அவள் படத்தைப் பார்க்கவில்லை, மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.